நாதஸ்வரக்காரரின் மேலுதடு

படம் வரையத் தெரிந்ததால்தான் நான் அறுவை மருத்துவனானேன். இதைச் சொன்னால் சக மருத்துவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் நடந்தது அதுதான்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்களுக்குக் கொடுத்திருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் நான் வளர்ந்தேன். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். சூளைச் செங்கல் துண்டும் ரயில் பட்டறைக் கரியும் எனக்குக் கிடைத்த முதல் வண்ணங்கள். வீட்டுப் பின்சுவரில் எஞ்சின்களை வரைவேன், மழை வந்து அழிக்கும், மறுபடி வரைவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கணக்குப் பிரிவில் உட்கார்ந்த என் தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. "படம் கீறிச் சோறு தின்ன ஏலாது. கீறத்தான் வேணுமெண்டால் ஆக்களைக் கீறு. டொக்டருக்குப் படி" என்றார். கோபத்தில் சொன்னதுதான். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு மருத்துவம் படிக்கப் போய்விட்டேன்.

அங்கே பிணம் அறுக்கும் கூடத்தில் மற்றவர்கள் தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தார்கள். நான் வரைந்தேன். வரைந்தவை மறக்கவில்லை. ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் தசைகளை வரையும் வேலையை எனக்கே விட்டுவிட்டார். முகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சிரிப்பை எத்தனை தசைகள் சேர்ந்து இழுக்கின்றன என்பது வேறு எந்த உறுப்பிலும் கிடைக்காத வியப்பு. அதே சிங்கப்பூரில்தான் கப்பல் பாண்டு வாத்தியக்காரர் ஒருவரிடம் பழைய பிடில் ஒன்றும் வாங்கினேன். அதை நான் நன்றாக வாசித்ததாக யாரும் சொன்னதில்லை.

உலகப் போர் ஓய்ந்து, விஷக் காய்ச்சல் தோட்டங்களைக் காலி செய்துகொண்டிருந்த ஆண்டில் கிள்ளான் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றைக்குக் கத்தி வெள்ளைக்காரத் துரையின் கையில். எங்களைப் போன்றவர்கள் குளோரோஃபார்ம் கொடுப்போம், விளக்கைப் பிடிப்போம், சீழ்க்கட்டிகளை உடைப்போம். ஆண்டுகள் போகப்போகக் குடலிறக்கமும் முறிந்த கால்களும் என்னிடம் வந்தன. துரை நல்ல கைகாரர், நியாயமானவர். ஆனால் முகத்தில் காயம் என்று வந்தால் பருத்த பட்டு நூலில் இரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுவார். "கூலிக்காரனுக்குக் கை முக்கியம், முகம் அல்ல" என்பது அவர் கட்சி. நான் வாதாடியதில்லை. வாதாட ஒரு நோயாளி தேவைப்பட்டார்.

1926 டிசம்பரில் கிள்ளான் ஆறு பெருகி ஊரையே மூழ்கடித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். நான் சொல்லப்போவது அதற்கடுத்த மாசி மாதம் நடந்தது. பங்குனி என்று என் மனைவி இன்றும் சாதிப்பாள். பங்குனி முழுக்க நான் ஈப்போவில் ஒரு மருத்துவருக்குப் பதிலாள் வேலை பார்த்தேன்; ஆகவே மாசிதான்.

எங்கள் வட்டாரக் கோயில் ஒன்றில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரவழைத்த நாதஸ்வரக்காரர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குத் தவில் வாசிப்பவர் அவருடைய மைத்துனர். நான் அவர் வாசிப்பைப் பலமுறை நின்று கேட்டிருக்கிறேன். தைப்பூசக் கூட்டத்தில் நின்றபடி ஓரிரு முறை அவர் முகத்தைப் பென்சிலால் வரைந்தும் வைத்திருந்தேன்.

சாமி புறப்பாட்டில் அவர் பின்னோக்கி நடந்தபடியே வாசிப்பார். சாமிக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பது அவர் பழகிய முறை. ரதத்தை இழுப்பவை இரண்டு காளைகள். ஆகவே அவர் முகத்துக்கு முன்னால் முதலில் இருப்பது காளைகள்தான், சாமி அதற்குப் பின்னால்தான். அன்று காலைப் புறப்பாட்டில் ரதம் கடைத்தெருவுக்கு வந்தபோது, சீனக் கடைக்காரர் ஒருவர் பக்தியோடு சரவெடி கொளுத்தினார். மிரண்ட காளை தலையை உதறியது. கொம்பு நாதஸ்வரத்தின் விரிந்த முனையான அணசில் மோதியது. வாத்தியத்தின் தலைப்பில் செருகியிருந்த சீவாளியும் அதைத் தாங்கும் உலோகக் குழலான கெண்டையும் அவர் மேலுதட்டைக் குத்திக் கிழித்துவிட்டன.

துண்டால் வாயைப் பொத்தியபடி ரிக்‌ஷாவில் வந்தார். மைத்துனர் தவிலைக்கூடக் கழற்றாமல் பின்னால் ஓடி வந்தார். துண்டை விலக்கினேன். மேலுதடு இடப்பக்கம் மூக்கு வரைக்கும் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கை காப்பித்தூள்.

"இதை ஆர் வச்சது?"

"நான்தாங்க. காப்பித்தூள் வெச்சா ரத்தம் நிக்கும்ல?" என்றார் மைத்துனர். "உசுருக்கு ஒண்ணும் இல்லையே டாக்டரய்யா?"

"உயிருக்கு ஒண்டுமில்லை."

நாதஸ்வரக்காரர் பலமாகத் தலையாட்டினார். பேச முடியாததால் இரண்டு கைகளையும் நாதஸ்வரம் பிடிப்பதுபோல வைத்து, விரல்களை அசைத்துக் காட்டி, என்னையே பார்த்தார்.

"உசுரை விடுங்க, நாயனத்தைச் சொல்லுங்கங்கிறாரு" என்றார் மைத்துனர். "இவருக்கு உதட்டுலதாங்க சோறு. ஊர்ல எங்க அக்காவும் மூணு புள்ளைங்களும் இந்த உதட்டை நம்பித்தான் இருக்குதுங்க."

அப்போதே கோயில் கமிட்டித் தலைவரும் வந்து சேர்ந்தார். ரப்பர் வியாபாரி. காயத்தை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "வைகாசித் திருவிழாவுக்கு வேற ஆளுக்குத்தான் எழுதணும் போல. இவர ஊருக்கு அனுப்பிற வேண்டியதுதான். நான் கல் மனசுக்காரன் இல்ல டாக்டர், ஆனா காத்துப் போற நாயனத்த வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

"வைகாசிவரை பொறுங்கோ" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

துரையிடம் போய் அனுமதி கேட்டேன். அவர் காயத்தைப் பார்த்தார். "இரண்டு தையல்" என்றார். உதட்டைச் சுற்றி ஓடும் வளையத் தசை அறுந்திருப்பதையும், தோலை மட்டும் சேர்த்தால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ஓட்டைப் பலூனாக இருப்பார் என்பதையும் சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தி, "பிடில்காரன் குழல்காரனுக்கு வக்கீலா?" என்று கேட்டார். பிறகு, "எடுத்துக்கொள். வெளிச்சம் இருக்கும்போதே முடி. கெட்டுப்போனால் என்னிடம் தூக்கிக்கொண்டு வராதே" என்றார்.

முகத்தைத் தைக்கக் குதிரை மயிரைப் போல நல்லது இல்லை என்று போரில் முகம் சிதைந்தவர்களைச் செப்பனிட்டவர்கள் எழுதியிருந்ததைப் படித்திருந்தேன். மெல்லியது, ஊறாது, தடம் பதிக்காது. எங்கள் அலமாரியில் அது இல்லை. ஆனால் என் வீட்டில் இருந்தது. மருத்துவமனை வளாகத்திலேயே எங்கள் குடியிருப்பு. ஓடிப்போய்ப் பிடில் வில்லை எடுத்து, பிசின் அதிகம் படாத ஓரத்து மயிர்களாகப் பார்த்து வெட்டினேன்.

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"ஒருத்தற்றை உதட்டைத் தைக்கப்போறன்."

"பிடிலாலேயோ?" என்றவள் வில்லைப் பார்த்தாள். "முழுக்க வெட்டுங்கோ. பக்கத்து வீட்டாக்கள் உங்களுக்குக் கோயில் கட்டுவினம்."

மயிர்களை ஸ்பிரிட்டிலும் சோப்பிலும் கழுவிக் கொதிக்க வைக்கச் சொன்னேன். அதற்குள் காயத்தைக் கழுவினேன். காப்பித்தூளைக் கழுவித் தீர்வதற்குள் கை ஓய்ந்துவிட்டது. கழுவிய பிறகு ஒரு சந்தேகம். மைத்துனரைக் கூப்பிட்டு, உடைந்த சீவாளியைக் கேட்டேன்.

"அது எதுக்குங்க? அது போச்சு, இனி ஆகாது."

"எனக்கு வேணும்."

இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். சீவாளி என்பது ஒருவகை நாணலைப் பதப்படுத்தித் தட்டையாக அமுக்கிச் செய்த சின்ன ஊதுநாக்கு. துண்டுகளை வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டு, சிதறிய படத்தைச் சேர்ப்பதுபோல ஒட்டிப் பார்த்தேன். ஒரு மூலை நிரம்பவில்லை. நெல்மணி அளவுக்கு ஒரு துண்டு குறைந்தது. சீவாளியின் நிறமும் காப்பித்தூளின் நிறமும் ஒன்று. கண்ணால் தேடிப் பயனில்லை. விரல் நுனியால் தடவிக்கொண்டே போனேன். மூக்கின் அடியில், தசைக்குள், முள்ளைப் போல நெருடியது. அது உள்ளேயே இருந்திருந்தால் ஒரு வாரத்தில் சீழ் வைத்து எல்லாத் தையலையும் பிரித்திருக்கும். வெளியே எடுத்துத் தட்டில் வைத்தேன். படம் நிரம்பியது.

மரக்க ஊசி போட்டால் உதடு வீங்கும். சிவப்பு முடிந்து தோல் தொடங்கும் கோடு தெரியாமல் போகும். அந்தக் கோடு ஒரு மயிரிழை தவறினாலும் முகம் கோணலாகிவிடும். ஆகவே ஊசிக்கு முன்பே, ஊதாச் சாயத்தில் தோய்த்த முள்ளால் இரண்டு பக்கமும் புள்ளி வைத்தேன். ஓவியத்தில் முகத்துக்கு வைக்கும் முதல் புள்ளிகளைப் போலத்தான். பிறகு உள்தோல், தசை, வெளித்தோல் என்று அடுக்கடுக்காகச் சேர்த்தேன். தசைக்குத்தான் அதிக நேரம். பிடில் மயிரைக் கடைசித் தோலுக்கு வைத்துக்கொண்டேன்.

அவர் விழித்தேதான் இருந்தார். தைக்கும்போது போர்வை மேல் அவர் விரல்கள் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தன. வலியோ என்று நிறுத்தினேன். மைத்துனர் கதவருகிலிருந்து, "அது வலி இல்லீங்க. தோடி ராகம். பாதியில விட்டுட்டு வந்தது" என்றார்.

தையல் நன்றாக அமைந்தது. அடுத்த சிக்கல் வார்டில் முளைத்தது. இரண்டாம் நாள் காலைச் சுற்றுக்குப் போனபோது வார்டு முழுக்கச் சிரிப்பு. ஒரு போர்வைக்குள்ளிருந்து வாத்துக் குஞ்சு கத்துவதுபோலச் சத்தம். போர்வையை விலக்கினேன். வித்துவான் வாயில் புதுச் சீவாளி.

"ஊதக் கூடாதெண்டு சொன்னனான் எல்லே?"

"ஊதலீங்க" என்றார், பாதி உதட்டால். "நனைச்சேன். சீவாளி காஞ்சா செத்துப்போயிரும்."

"தையல் விட்டுதெண்டால் நீர்தான் செத்தீர்."

நாதஸ்வரத்திலிருந்து நூலில் தொங்கிய சீவாளிகள் அத்தனையையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நானே தினம் நனைத்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அது அவரை இன்னும் கலக்கியது.

"டாக்டரய்யா, தப்பா நெனைக்காதீங்க… நீங்க வாயில வெச்சு நனைப்பீங்களா?"

"சீ, தண்ணியிலை."

"அப்பச் சரிங்க" என்று நிம்மதியாகச் சாய்ந்தார். அடுத்தவர் எச்சில் பட்ட சீவாளியை அவர் தொடமாட்டார். அவர் மறுபடி வாசிக்கும்வரை எங்கள் வீட்டு வெள்ளித் தம்ளரில் சீவாளிகள் முறை வைத்துக் குளித்தன. நான் ஈப்போவில் இருந்த நாட்களில் மனைவி நனைத்தாள். குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பதைவிட ஒழுங்காகச் செய்தாள் என்பதை இங்கே பதிந்துவிடுகிறேன்.

தையலைப் பிரித்தபோது கோடு கோட்டோடு சேர்ந்திருந்தது. சித்திரை பிறந்த பிறகுதான் வாசிக்க அனுமதித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைத்துனரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாதஸ்வரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஊதினார்.

காற்றுத்தான் வந்தது. இடப்பக்கத்திலிருந்து, சக்கரம் பஞ்சரானதுபோல, புஸ் என்று. மறுபடி ஊதினார். மறுபடி காற்று. மூன்றாம் முறை ஊதாமல் வாத்தியத்தை மடியில் கிடத்திவிட்டார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது, மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெனாங்குலருந்து எப்பக் கப்பல்?" என்றார் மைத்துனரிடம்.

நான் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். தழும்பு மெத்தென்று இருந்தது. விசில் அடிக்கச் சொன்னேன், அடித்தார். தசை இறுகியது. பிறகு ஏன்? உதட்டில் குறை இல்லையென்றால் வைக்கும் விதத்தில்தான் குறை. உள்ளே போய்த் தைப்பூசத்தில் வரைந்த பென்சில் படத்தைக் கொண்டுவந்தேன். சுவரிலிருந்த கண்ணாடியையும் கழற்றி அவர் முன்னால் பிடித்தேன்.

"வித்துவான், இதைப் பாரும். இது நீர் போன வருசம். மேலுதடு எங்க இருக்கு?"

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது நானா? மூக்கு இவ்வளவு பெருசா?"

"கண்ணாடி இன்னும் மோசமாக் காட்டுங்க" என்றார் மைத்துனர்.

"மூக்கை விடும். உதட்டைப் பாரும்."

பார்த்தார். படத்தில் மேலுதடு உள்ளே மடிந்து, பல்லைப் போர்த்தி, சீவாளியை அணைத்திருந்தது. வாத்தியத்தை வாயில் வைத்தார்; கண்ணாடியில் அதே உதடு வெளியே நின்றது. குத்துப்பட்ட நாளிலிருந்து, தெரியாமலே, அவர் அதைச் சீவாளியிடமிருந்து தள்ளித் தள்ளிப் பிடித்திருக்கிறார். சூடு பட்ட பூனை அடுப்பங்கரையைச் சுற்றிப் போவதுபோல.

"உள்ளுக்கு மடிச்சு ஊதும்."

"பிரிஞ்சிருமேங்க."

"நான் தைச்சது பிரியாது. தசையிலை தைச்சிருக்கிறன். மாடு முட்டினாலும் பிரியாது."

"மாட்டைப் பத்திப் பேசாதீங்க டாக்டரய்யா" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி, உதட்டை மடித்து, ஊதினார்.

எங்கள் கூடத்தில் கண்ணாடிச் சட்டங்கள் அதிர்ந்தன. நாதஸ்வரம் வீட்டுக்குள் வாசிக்கும் வாத்தியமல்ல. அடுத்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த, காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெசர் எழுந்து ஓடிவந்தார். மைத்துனருக்கு வெறுங்கை, எங்கள் சாப்பாட்டு மேசையில் தாளம் போடத் தொடங்கிவிட்டார். மனைவி கையில் அகப்பையோடு வாசலில் நின்று, "பாத்தியளே, பிடிலிலை வராத சத்தம்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. முதலில் இளசான சீவாளி, பிறகு பழையது. அரைமணி, பிறகு ஒரு மணி. கமிட்டித் தலைவர் நடுவில் ஒருமுறை வந்து, "தஞ்சாவூருக்கு எழுதின கடுதாசி இன்னும் என் சட்டைப் பையிலதான் இருக்கு. சொல்லுங்க, தபால்ல போடவா வேணாமா?" என்றார். "திருவிழா அண்டைக்குக் காதாலை கேட்டிட்டுப் போடுங்கோ" என்றேன். "கேட்டு நல்லால்லேன்னா பாசார்ல கிராமபோன்தான் வாடகைக்கு எடுக்கணும், டாக்டர். அப்புறம் என்னத் திட்டக்கூடாதுலா" என்றார்.

வைகாசித் திருவிழாவுக்குத் துரையையும் அழைத்திருந்தார்கள். மனைவியோடு வந்து, போட்டிருந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மேருவிலிருந்தும் டெங்கில் பக்கத்திலிருந்தும் மாட்டுவண்டிகளில் தோட்ட ஜனங்கள் வந்திருந்தார்கள். விஷயம் ஊருக்கே தெரியும். வாசிப்பாரா மாட்டாரா என்று பார்க்க வந்தவர்களே பாதிப்பேர்.

தீபாராதனைக்கு முன் அவர் கல்யாணி எடுத்தார். நான் தூணோரம் நின்றேன். மற்றவர்கள் ராகத்தைக் கேட்டார்கள். நான் இடப்பக்கத்து உதட்டோரத்தைக் கேட்டேன். கீழே நடந்தபோது காற்று இல்லை. நடுவில் உலவியபோது இல்லை. பிறகு மேலே ஏறினார். மேல் ஸட்ஜத்தைத் தொட்டு அங்கேயே நின்றார். கன்னம் இரண்டும் உருண்டன, கழுத்து நரம்பு புடைத்தது, உதடு அசையவில்லை. நின்றார், நின்றார். தவில்காரர் கையை உயர்த்தியபடியே வாசிக்காமல் மச்சானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ "ஐயோ, மூச்சு விடுப்பா!" என்று கத்தினார்கள். அவர் விடவில்லை. நான்தான் விட்டேன்.

அவர் கீழே இறங்கியபோது ஜனங்கள் எழுப்பிய சத்தம் மணிச் சத்தத்தை மூழ்கடித்தது. கமிட்டித் தலைவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி நாலாகக் கிழித்து, தன் தோளிலிருந்த சரிகைத் துண்டை எடுத்து நாதஸ்வரக்காரருக்குப் போர்த்தினார்.

துரை எழுந்து வந்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாதஸ்வரக்காரரின் மோவாயைப் பிடித்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். வித்துவானுக்குக் கூச்சம். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எந்தப் பக்கம்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் நின்ற அந்தச் சில கணங்களை என் உத்தியோக வாழ்வில் கிடைத்த எந்தப் பட்டத்துக்கும் மாற்றமாட்டேன். மைத்துனர்தான் பொறுக்காமல் தன் இடக் கன்னத்தைத் தொட்டுக் காட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை பூச்சோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்தியால் கன்னம் கிழிந்த ஒரு பெண் வந்திருந்தாள். துரை அவளைப் பார்த்தார், கையில் எடுத்த பட்டு நூலைக் கீழே வைத்தார். "இது உன்னுடையது" என்றார் என்னிடம். "முகத்தில் வருவதெல்லாம் இனி உன்னுடையது. அந்த மயிரை எங்கே வாங்குகிறாய் என்று எழுதிக் கொடு, மருந்துக் கிடங்குக்குச் சொல்கிறேன்."

முப்பதுகளில் ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றிய நாட்களில் நான் கோலாலம்பூருக்கு மாற்றலாகிவிட்டேன். அங்கும் முகங்கள்தான்: பிறவியிலேயே மேலுதடு பிளந்த குழந்தைகள், கம்மல் இழுத்துக் கிழிந்த காதுகள், விறகு வெட்டும்போது பிளந்த மூக்குகள். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தத் திங்கட்கிழமை. அந்தப் பெண்ணிடம், "பயப்படாதேங்கோ தங்கச்சி" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல், "நாயனக்காரருக்குத் தெச்ச டாக்டரு நீங்கதானே? அப்பப் பயமில்ல" என்றாள். அவளை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார வைத்துவிட்டு, கை கழுவப் போனேன்.